மாடிக்குப் போன நூலகம்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார். ஆட்களை நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். “விருந்துக்குக் கூப்பிட்டவங்க மூஞ்சியையும் கொஞ்சம் பாரேன்” என்று அவருடைய கணவர் கேலி செய்வதுண்டு. எந்த உத்தரம் எந்தத் தூணின்மேல் அமர்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அவருக்கு நாற்காலியில் அமர மனம் வரும்.

வடிவமைப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் அவர் கட்டமைப்புப் பொறியாளர். கணினி போட்டுக் கொடுத்த கணக்கை, பழைய தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் மறுபடியும் போட்டுப் பார்ப்பார். ஏன் என்று கேட்டால், “அது கேட்டதுக்குத்தான் சார் பதில் சொல்லும். கேக்க மறந்ததைச் சொல்லாது” என்பார்.

நான் பணியாற்றிய பள்ளிக்குப் புதிய கட்டடம் எழும்புகிறது. கட்டடக் குழுவில் நானும் இருப்பதால் அவரை அடிக்கடி காண வாய்த்தது. தரைத்தளத்தில் அமையவிருந்த நூலகத்தை நாங்கள் இரண்டாம் மாடிக்கு மாற்றினோம். நிறுவனத்து வரைபடத்தில் அறையின் பெயர் மாறியது. வகுப்பறைக்கென்று போட்டிருந்த தளத்தின் கம்பிக் கணக்கு மாறவில்லை. கான்கிரீட் ஊற்றவிருந்த காலையில், கம்பிகளைப் பார்வையிட வந்த பொறியாளர் அதைக் கண்டுகொண்டார். வேலையை நிறுத்தச் சொன்னார்.

வாசலில் கலவை வண்டியின் உருளை சுழன்றுகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரருக்கு ஆற்றாமை. “புத்தகம்தானேம்மா? யானையா கட்டப் போறாங்க?”

“பிள்ளைங்க மணியடிச்சா எழுந்து ஓடிடுவாங்க அண்ணே. புத்தகம் ஓடாது. ராவும் பகலும் அங்கேயேதான் உக்காந்திருக்கும்.”

வண்டி திரும்பிப் போயிற்று.

மறுநாள் விளக்கம் கேட்டு நாங்கள் அவருடைய அலுவலகத்துக்குச் சென்றோம். நிறுவனத்தின் தலைவர் எங்கள் முன்னிலையிலேயே, கோட்டைவிட்டவருக்கு இனி அங்கே வேலை இல்லை என்றார். சுவரோரம் நின்ற வரைவாளரின் முகம் வெளுத்தது. அறையின் பெயரை மாற்றிவிட்டு, அதைப் பொறியாளரிடம் சொல்லாமல் விட்டவர் அவர்தாம். பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கேட்காமல் கையெழுத்திட்டவர் பொறியாளர்.

“இதுல கை வச்சது யாரு?” என்று கேட்டபடி தலைவர் வரைபடத்தை மேசைமேல் விரித்து, பெயர்கள் இருந்த மூலையை நோக்கிக் குனிந்தார்.

தாள் சுருளாமல் பிடிப்பவரைப்போலப் பொறியாளர் அந்த மூலையில் தம் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். வரைந்தவரின் பெயர் கைக்குள் மறைந்தது. விரல்களுக்கு வெளியே, ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில், அவருடைய கையெழுத்து மட்டும் தெரிந்தது.