பதினேழாம் கட்டம்

இதைப் படித்துவிட்டு யாராவது "கதை நன்றாக இருக்கிறது" என்றால் எனக்குக் கோபம் வரும். கதையில்லை. 1978 சித்திரையில், காரைக்குடியில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்பிப் பகலில் நிம்மதியாக இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் கம்ப்யூட்டர் செய்கிறவர்கள். பீரோ அளவு எந்திரம். ஏ.சி. போட வசதியில்லை. அதனால் சுண்ணாம்புக் காரையின் குளிர்ச்சிக்காக ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். இருப்பதிலேயே குளிர்ந்த அறையில் எந்திரம். ஜன்னல் கிடையாது. பின்கட்டில் வீட்டுக்காரரான உமையாள் ஆச்சி தனியாகக் குடியிருந்தார்.

என் பொறுப்பு கர்னல். மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கிற மேஸ்திரி நிரல் அது. யார் இடம் கேட்டாலும் நினைவகத்தில் காலியாகக் கிடக்கும் கட்டத்தை எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். தப்பித்தவறி, ஒருவர் இருக்கும் கட்டத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அவர் எழுதியதை இவர் அழிப்பார். எந்திரம் அப்படியே செத்து நிற்கும்.

எங்கள் எந்திரம் தினமும் செத்தது. சரியாக உச்சி வேளையில்.

"வெள்ளிக்கிழமை மிசினை வெலைக்குப் பாக்க மில்லுக்காரவுக வாராக," என்றார் முதலாளி தங்கச்சாமி. "எட்டு மணி நேரம் நிக்காம ஓடணும். நின்னுச்சு... நான் கடையைக் கட்டிட்டு வயலுக்குப் போயிருவேன். நீ எங்குட்டுப் போவியோ, அது ஒன் பாடு."

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். போக இடமில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கை சோற்றில் எண்களைக் கிறுக்கியது.

ஒவ்வொரு முறையும் மாட்டியது ஒரே கட்டம். பதினேழு. கர்னலின் கணக்கில் அது காலி. ஆனால் யாருக்காவது கொடுத்தால்... உள்ளே ஏற்கெனவே யாரோ!

நினைவகப் பலகைகளை இடம் மாற்றிப் பார்த்தேன். பலகையில் கோளாறு என்றால் அதுவும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை.

ஆச்சி கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ஒங்க மிசினுக்கு இன்னைக்கும் மயக்கமா? ஏதும் விசேசமோ?"

"சிரிக்காதீக ஆச்சி. வேலை போயிரும். உள்ள வந்து பாருங்க, என் பாடு தெரியும்."

"அந்த அறைக்குள்ள நான் வர மாட்டேம்ப்பா."

சிரிப்பு சட்டென்று நின்றிருந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை. முதலாளி பிள்ளையார்பட்டிக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். நான் தனி. எல்லா நிரல்களையும் எடுத்துவிட்டேன். கர்னல் மட்டும். பதினேழில் வெறும் பூச்சியம் நிரப்பினேன். அதில் இருப்பதை முன்பலகை விளக்குகள் காட்டும்படி வைத்தேன். பூச்சியம் என்றால் ஒரு விளக்கும் எரியாது. தரையில் உட்கார்ந்து பார்த்தபடி இருந்தேன்.

பன்னிரண்டு அடித்தது. ஒன்றுமில்லை.

பன்னிரண்டு ஐந்து... ஒரு விளக்கு எரிந்தது.

எழுதுவதற்கு ஆள் இல்லை. நிரலே இல்லை. இன்னொன்று எரிந்தது.

பின்னால் நகர்ந்து கையை ஊன்றினேன். தரை சூடாக இருந்தது.

அறை முழுக்கச் சில்லென்ற கல். இந்த இடம் மட்டும் சூடு. தடவிப் பார்த்தேன். ஓர் ஆள் படுத்து எழுந்த நீளம்...

சரக்... சரக்...

புதுச்சேலை உரசும் சத்தம். என் காதோரம்.

அத்தனை விளக்குகளும் எரிந்தன.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாளை வெள்ளிக்கிழமை.

கர்னலைத் திருத்தினேன். பதினேழு காலியில்லை. யார் கேட்டாலும் கொடுக்காதே. கட்டம் யாருடையது என்று ஓர் எண் போட வேண்டும். எந்த நிரலுக்கும் இல்லாத ஓர் எண்ணைப் போட்டேன்.

சத்தம் நின்றது.

விளக்குகள் ஒவ்வொன்றாக... அணைந்தன.

வெள்ளிக்கிழமை எந்திரம் எட்டு மணி நேரமும் ஓடியது. மில்லுக்காரர்கள் அன்றைக்கே விலை பேசினார்கள். திங்கட்கிழமை லாரி வந்து எந்திரத்தை ஏற்றிப் போனது. என் வேலை தப்பியது. ஆனால் நான் கோளாறைத் தீர்க்கவில்லை, ஒதுங்கிப் போயிருந்தேன். அந்த வெட்கத்தில், செய்தது இன்னதென்று முதலாளியிடம்கூட மூச்சு விடவில்லை.

மறுநாள், காலியான அறையின் சாவியை ஒப்படைக்கப் போனேன். ஆச்சி அதே அறையில், நடுத்தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள வர மாட்டேன்னீகளே ஆச்சி?"

"இப்ப என்னப்பா? அவதான் போயிட்டாளே."

"யாரு?"

"தேனம்மை. எங் கொழுந்தன் பொண்டாட்டி. இது அவ அறை. பர்மாச் சண்டையில புருசன் போயிட்டாக. புள்ளையும் இல்லை. 'இனி இவளுக்கு எதுக்குத் தனி அறை'ன்னு வேற பங்காளிக்குக் குடுத்துட்டாக. குடுத்த அன்னைக்கு உச்சியில இந்தத் தரையில படுத்தவதான்... எந்திரிக்கவே இல்லை. அதுக்கப்புறம் எங்க வீட்டு ஆளுக எவரும் இங்க ஒரு பகல் இருந்ததில்லை."

சாவியை நீட்டினேன்.

ஆச்சி என்னைப் பார்த்து, நன்றியோடு சிரித்தார்.

"நேத்து லாரி கெளம்புறப்ப எங்கிட்டச் சொல்லிக்கிட்டுத்தாம்ப்பா போனா. 'அந்தத் தம்பி அந்தப் பெட்டிக்குள்ள எனக்குன்னு ஓர் எடம் ஒதுக்கியிருக்காரு. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டாராம்'னு."