வாசலில் கையசைக்கச் சொன்னேன்

வெளிநாட்டிலிருந்து ஆவணப்படம் எடுக்க வந்த இருவருக்கு நான்தான் வாய். ஒருவர் இயக்குநர் அம்மாள், இன்னொருவர் கேமராக்காரர். அவர்கள் கேட்பதைத் தமிழில் கேட்டு, வருகிற பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் நன்றாக வந்தால் எடிட்டிங் வேலைக்குத் தங்கள் ஊருக்கே அழைத்துப் போவதாக அந்தம்மா சொல்லியிருந்தார். உடனே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, பாதித் தெருவுக்குச் சொல்லியும் விட்டேன்.

படம் வெள்ளத்தைப் பற்றியது. அன்றைக்குக் கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவரின் பேட்டி. வெள்ளத்தில் தெருத்தெருவாகப் படகை ஓட்டிப்போய் ஆட்களை ஏற்றி வந்தவர். போனில், "வாங்க தம்பி, எல்லாத்தயும் சொல்றேன்" என்றிருந்தார். நாங்கள் போவதற்கு ஒன்பது நாள் முன்னால் மாரடைப்பில் இறந்துபோனார்.

அவர் மனைவிக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். "அவுங்க பேசுறேன்னு வாக்கு குடுத்துட்டாங்க. நான் பேசுறேன், வாங்க" என்றார். பதினாறாம் நாள் காரியம்கூட ஆகாத வீடு. நான் வேறு தேதி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த அக்கா நன்றாகப் பேசினார். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்து, வெள்ளத்தின் மூன்றாம் நாள் வீடு திரும்பியவர் மேல் ஒரே டீசல் நாற்றம் என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர்தான் அழுதார். அதோடு கிளம்பியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இல்லை.

இயக்குநருக்கு ஒரு வழக்கம். பேட்டி கொடுத்தவர் தன் வீட்டு வாசலில் நின்று கையசைத்து, "போயிட்டு வாங்க" என்று எங்களை வழியனுப்புவதையும் எடுத்துக்கொள்வார். எல்லாரையும் கோத்துப் படத்தின் முடிவில் வைப்பதாக யோசனை. அக்காவையும் அப்படிச் செய்யச் சொல் என்றார்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வந்தவர்கள் பேசாமல் எழுந்து போவார்கள். வீட்டுக்காரர்களும் மறுபடி வரச் சொல்லி அனுப்பமாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவுக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இயக்குநரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கேமராவை மூடச் சொல்லியிருப்பார். நல்ல மனுஷிதான். காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிய எனக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் தடை சொல்கிற ஆள் என்று நினைத்து என்னைக் கழற்றிவிடுவாரோ என்ற பயம்.

அக்காவிடம் சொன்னேன். என்னையே பார்த்தார்.

"அப்படிச் சொல்லக் கூடாதே தம்பி. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. படத்துக்குத்தானே, சும்மா சொல்றது" என்று பல்லை இளித்தேன்.

முதல் தடவை தெருவில் லாரி ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவை அவர் கை சரியாக உயரவில்லை. மூன்றாம் தடவை சரியாகச் செய்தார். முடிந்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சிதம்பரத்தில் மேல வீதியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் போன் வந்தது.

"தம்பி, மத்ததெல்லாம் இருக்கட்டும். கடைசியா வாசல்ல சொன்னத மட்டும் வெட்டிடச் சொல்லுங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. நெறமாசமா இருக்கா. மனசு கெடந்து அடிச்சிக்குது."

"கண்டிப்பா சொல்லிடறேன்க்கா."

இயக்குநர் பத்தடி தள்ளி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் சொல்லவில்லை. அக்கா மறுபடி கேட்டபோது, "வெட்டியாச்சுக்கா" என்றேன்.

வெளிநாட்டுக்கு நான் போகவில்லை. அவர்கள் ஊரிலேயே தமிழ் தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டாராம். சில மாதம் கழித்துப் படம் மட்டும் போனுக்கு வந்தது. முடிவில் ஒவ்வொருவராகக் கையசைக்கிறார்கள். கடைசி ஆள் அக்கா. அதை நான் அவருக்கு அனுப்பவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு அவரே கூப்பிட்டார். பேத்திக்குத் திருவந்திபுரம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறார்களாம், கட்டாயம் வர வேண்டுமாம். போனேன். அக்கா என் கையைப் பிடித்துச் சொந்தக்காரர்கள் நடுவே நிறுத்தினார்.

"இந்தத் தம்பிதான். நான் சொன்ன வார்த்தய அன்னிக்கே வெட்ட வச்சாரு. அதனாலதான் எல்லாம் நல்லபடியா நடந்துது. எம்பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. தாய்மாமனா நீங்களே ஒக்காருங்க தம்பி."

உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். காது குத்தும்போது அது வீறிட்டு அழுது என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் படம் இருந்த போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

சாப்பிட்டுக் கிளம்பினேன். அக்கா மண்டப வாசல்வரை வந்து, கையை நன்றாக உயர்த்தி அசைத்தார்.

"போயிட்டு வாங்க தம்பி."

என்னால் திருப்பிக் கையசைக்க முடியவில்லை.