ஏணிச் சின்னமும் எங்கள் ஒழுங்கையும்

எங்களுடையது சாதிக் கட்சியாம். போட்டியிட்ட மூன்று தேர்தல்களிலும் இதைத்தான் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட எங்கள் ஒழுங்கையில், இந்தச் சிறு தெருவில், பெண் எடுத்ததுமில்லை, கொடுத்ததுமில்லை.

கட்சி என்பதே பெரிய சொல். அது பிரதேச சபைத் தேர்தலுக்கு நின்ற ஒரு சுயேச்சைக் குழு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நாலைந்து குடியிருப்புகளைத் தாண்டினால் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. தொடங்கியவர் என் அண்ணன். மேசன் வேலை செய்தவர். அதற்கு முன் பல வருடங்கள் பெரிய கட்சிக்காக உழைத்தவர். போஸ்டர் ஒட்டுவது, மேடை கட்டுவது, கூட்டத்துக்குக் கதிரை இறக்குவது எல்லாம் அவரும் எங்கள் பொடியன்களும்தான். கட்டிய மேடையில் ஏற மட்டும் ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை.

யுத்தம் முடிந்து வந்த தேர்தலில் அண்ணனையும் வேட்பாளராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து வைக்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவருடைய இடத்தில் வேறொருவரைப் போட்டாகிவிட்டது. கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர், ஒரு முன்னாள் பள்ளிக்கூட அதிபர், அண்ணனின் தோளில் கைவைத்துச் சொன்னாராம்:

“குறை நினையாதையுங்கோ. உங்கடை ஆக்கள் எப்பிடியும் எங்களுக்குத்தானே போடுவினம். மற்ற ஆக்களைத்தான் நாங்கள் பிடிக்கவேணும்.”

அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் போனார். வேட்புமனு முடிவதற்குள் குழு ரெடி. கிடைத்த சின்னம் ஏணி. “மரமேறுற ஆக்களுக்கு ஏணி என்னத்துக்கு?” என்று சந்தியில் சிரித்தார்கள். பகிடி என்று நாங்களும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தோற்றோம். தோற்ற பிறகும் விடவில்லை. தமிழரின் ஒற்றுமையைக் குலைத்தவர்கள், அரசாங்கம் ஆட்டுவிக்கும் ஆட்கள் என்று கோயில் வீதியில் நின்று பேசினார்கள். அந்தக் கோயில் வீதிவரைக்கும்தான் எங்களுக்கும் அனுமதி.

அடுத்த தேர்தலுக்குள், பெண்களையும் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அண்ணன் என்னிடம் வந்தார். நான் வீட்டில் தையல் மெசின் வைத்து உடுப்புத் தைப்பவள்.

“எனக்குக் கூட்டத்திலை கதைக்கத் தெரியாது அண்ணை.”

“இந்த வட்டாரத்திலை உன்னட்டைச் சட்டை தைக்காத பொம்பிளை ஆர்? அவையோடை கதைக்கிறமாதிரிக் கதை. அது காணும்.”

வென்றேன். குழுவில் வென்றது நான் ஒருத்திதான். ஆனால் சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. சபையின் தலைவரான தவிசாளரைத் தெரிவுசெய்ய என்னுடைய ஒரு கை தேவைப்பட்டது. அண்ணனின் தோளில் கைவைத்த அதே அதிபர், தவிசாளர் ஆகும் ஆசையோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக.

தேத்தண்ணி கொடுத்தேன். “இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்” என்றார்கள், மூவரும் ஒரே குரலில்.

“அப்ப ஆறட்டும். நீங்கள் குடிச்சாப் பிறகு கதைப்பம்,” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். மற்ற இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். அதிபர் கோப்பையை எடுத்து, கசாயம் குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு, “சொல்லுங்கோ தங்கச்சி, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எங்கள் ஒழுங்கையின் பெயரை மாற்ற வேண்டும். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எங்கள் சாதியை எப்படி ஏசுவார்களோ அதுவே ஒழுங்கையின் பெயர். சபையே பலகையில் எழுதி முகப்பில் நட்டுவைத்திருந்தது. எங்கள் பிள்ளைகளின் விலாசம் அது. கம்பஸில் படித்த என் மகள், சிநேகிதிகளோடு ஓட்டோவில் வந்தால் சந்தியிலேயே இறங்கிவிடுவாள். மழையென்றாலும் அங்கிருந்து நடந்துதான் வருவாள்.

“இது சின்ன விஷயம். முதல் கூட்டத்திலையே செய்வம்,” என்றார். தெரிவு நாளில் கை உயர்த்தினேன். அவர் தவிசாளர் ஆனார்.

முதல் கூட்டத்தில் நடக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. ஒன்றரை வருடம் பொறுத்துவிட்டு நானே பிரேரணை கொண்டுபோனேன். பழைய பெயர்கள் வரலாறு, தொடக்கூடாது என்றார் ஒருவர். அதே சபை ஆறு மாதத்துக்கு முன்பு வேறு இரண்டு வீதிகளுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தது. கடைசியாகத் தவிசாளர் பேசினார்.

“சாதியை நாங்கள் மறந்து கனகாலம். இவதான் ஒவ்வொரு கூட்டத்திலையும் ஞாபகப்படுத்துறா.”

சிரித்தார்கள். எழுந்தேன்.

“மறந்திட்டியள் எண்டால் ஐயா, பலகையிலை எழுதி வைச்சிருக்கிறது ஆர்? நானோ?”

வாக்கெடுப்பு நடந்தது. என்னோடு சேர்ந்து இரண்டு கைகள்தான் எழும்பின. தவிசாளரின் கைகள் மேசையில் கோத்தபடி இருந்தன. எங்கள் வீட்டுக் கோப்பையைப் பிடித்த கைகள்.

அதன் பிறகு சபை கலைந்தது. தேர்தல் இதோ, அதோ என்று வருடக்கணக்காக இழுபட்டது. கடைசியில் வந்தபோது பெரிய கட்சிகள் பாடம் படித்திருந்தன. அதுவரை எங்கள் ஆட்களைக் கண்ணெடுத்தும் பார்க்காத கட்சிகள் எல்லாம் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே ஆள் பிடித்தன. கொழும்புக் கட்சியும் ஒருவரை நிறுத்தியது. ஒரே மதிலில் எங்கள் சொந்தக்காரர் மூவரின் முகம். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கிழவிகள் என்னிடமே வந்து கேட்டார்கள். வாக்குகள் சிதறி, பெரிய கட்சியில் நின்ற என் ஒன்றுவிட்ட தம்பி வென்றான். ஏணிக்கு ஒரு ஆசனமும் இல்லை. எங்களைப் பிரித்து வென்றவர்கள், நாங்கள் தமிழரைப் பிரிக்கிறோம் என்று அப்போதும் சொன்னார்கள்.

பழைய அதிபரே மறுபடியும் தவிசாளர். பதவியேற்ற சில மாதங்களில் எங்கள் ஒழுங்கையின் பெயரை மாற்றினார்கள். நாங்கள் கேட்டிருந்தது ஒழுங்கை முகப்பில் நிற்கும் புளியமரத்தின் பெயரை. வைத்தது தவிசாளருடைய தகப்பனின் பெயரை. திறப்பு விழாவுக்கு வாழை கட்டி, நாதஸ்வரமும் வைத்தார்கள். அண்ணன் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான் போனேன். ரிப்பன் வெட்டப்போகும் நேரம் முன்னுக்குப் போய்க் கேட்டேன்:

“ஐயா, உங்கடை அப்பா எப்பவாவது இந்த ஒழுங்கைக்குள்ளை கால் வைச்சவரோ?”

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். என் ஒன்றுவிட்ட தம்பிதான் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“அக்கா, பழைய பேர் போட்டுதுதானே. பேசாமல் இருங்கோ.”

பழைய பெயர் போய்விட்டது. உண்மைதான். மகள் இப்போது விலாசத்தை முழுதாக எழுதுகிறாள். “பரவாயில்லை அம்மா, விடுங்கோ,” என்கிறாள். அவளுக்கு நிம்மதி, அதைப் பார்க்க எனக்கும் நிம்மதி. ஆனால் எங்களுக்கு உரிமையான ஒன்றைத் தங்கள் வீட்டுத் தானம்போலத் தூக்கித் தந்ததை என்னால் விழுங்க முடியவில்லை. தந்த கையைக் கும்பிட வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். ஒற்றுமை, ஒற்றுமை என்கிறார்கள். அவர்கள் மேலேயும் நாங்கள் கீழேயும் அசையாமல் இருப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

அண்ணனுக்கு முழங்கால் ஏலாது. குழுவின் கூட்டம் இப்போது என் தையல் அறையில் நடக்கிறது. சில ஞாயிறுகளில் நாலு பேர், சில ஞாயிறுகளில் நானும் அண்ணனும் மட்டும். போன கிழமை பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவர்களுடைய மயானப் பாதையில் யாரோ வேலி போட்டுவிட்டார்களாம். சபைக்குப் போனால் அடுத்த மாதம் வரச் சொல்கிறார்களாம்.

“நாளைக்குக் காலமை வாறன். வேலியைக் காட்டு,” என்றேன்.