இரண்டு ஃப்ரிட்ஜ் இருந்த வீடு

குறை கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். காக்களூர் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. நூறு துண்டு நன்றாக இருந்தால் யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றில் கீறல் இருப்பதைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு நான் ராணி. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் வந்து ‘நாய்களுக்கு நல்ல வீடு பார்த்துச் சொல்லுங்க’ என்று ஒரு கூட்டம் கேட்டால், தப்பு அவர்களுடையதுதான்.

கூட்டம் என்றால், திருவள்ளூரைச் சுற்றி அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்து, வளர்க்கக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிற ஏழெட்டுப் பேர். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் இதயமாக அனுப்பிக்கொள்வார்கள். நேரில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைப் பிடிக்காது. மனிதர்களோடு ஒத்துப்போகத் தெரியாதவர்கள்தான் கடைசியில் நாயிடம் போய்ச் சேருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாய் கேட்பவர் வீட்டுக்கு யாராவது ஒருவர் போய்ப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் நாய் கிடைக்கும். அதற்கு ஹோம் விசிட் என்று பெயர். பெண் பார்க்கப் போவது போலத்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் நிச்சயமில்லை. எந்த நாள் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

நாள் சொல்வேன். ஆனால் அந்த நாளில் போக மாட்டேன். எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வருகிறது என்றால் முதல் நாளே தரையைக் கழுவி, துருப்பிடித்த சரக்கையெல்லாம் கழிவறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். மூடுகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இந்த வித்தை எனக்கு அத்துப்படி. ஆகவே ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமையே போய் நிற்பேன். அப்படித்தான் பொதட்டூர்பேட்டையில் ஒரு மனிதர் பிடிபட்டார். ‘பெத்த புள்ள மாதிரி பார்த்துக்குவேன்’ என்று போனில் உருகியவர், தோட்டத்தில் முளைக்குச்சி அடித்துச் சங்கிலியோடு தயாராக வைத்திருந்தார். அதற்குப் பிறகு என் தலைக்கனம் கொஞ்சம் கூடிவிட்டது.

எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை சாலையில் கன்டெய்னர் லாரி அடித்துப் போட்ட செவலை நாய். பின்னங்கால் எலும்பு கூடும்வரை ஆறு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தேன். பத்து மாதம் ஆகிவிட்டது. தற்காலிகமாக வைத்திருப்பவர்கள் பெயர் வைக்கக் கூடாது, வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். நான் வைக்கவில்லை. ‘ஏண்டி’, ‘கழுதை’, ‘மூதேவி’ என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டேன். அப்படியும் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் இருப்பது திருவள்ளூரில் ஒரு மாடி வீட்டில், வாடகைக்கு. கீழே இருக்கும் வீட்டுக்காரருக்கு அவள் நடக்கும்போது நகம் தரையில் படுகிற சத்தம் தலைக்குள் கேட்கிறதாம். ஒரு நாள் மேலே ஏறி வந்து சொல்லிவிட்டார்: “மாசக் கடைசிக்குள்ள நாய் போவணும். இல்லாட்டி நீங்க போவணும்.”

வீடு கிடைக்காவிட்டால் அவளைக் காப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அடிபட்ட புதிதில் அங்கேதான் நாலு நாள் இருந்தாள். அத்தனை நாய்கள் குரைக்கிற இடத்தில், சுவர் மூலைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு, நாலு நாளும் ஒரு வாய் தின்னவில்லை. மறுபடி அங்கே விட்டால் பிழைக்க மாட்டாள் என்று எனக்குப் பயம்.

அதற்காக வீடே வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவளைக் கேட்டு ஏழு வீடு வந்தது. ஏழு வீட்டையும் தள்ளினேன். முதலில் சொன்ன சங்கிலிக்காரரைத் தள்ளியது நியாயம். மற்றபடி ஒருவர் போனில் சத்தமாகப் பேசினார் என்று தள்ளினேன். ஒரு வீட்டில் துளசிச் செடி காய்ந்திருந்தது. துளசிக்கே தண்ணீர் ஊற்றாதவர்கள் நாய்க்கு ஊற்றுவார்களா என்று எழுதினேன். என் கணவர் அதிகம் பேசாத மனிதர். அன்று மட்டும் வாயைத் திறந்தார்: “நீ நாய்க்கு ஊடு தேடல. ஊட்டுக்குக் குத்தம் தேடிக்கினு இருக்க.” அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றே பேசியிருப்பேன்.

எட்டாவதாக வந்தது கும்மிடிப்பூண்டி வீடு. கேட்டவள் அங்கே ஒரு கம்பெனியில் லைன் வேலை பார்க்கும் பெண். அவள், அவள் கணவன், மாமியார், மூன்றே பேர். ஞாயிறு வருகிறேன் என்று சொன்னேன். வழக்கம்போல் சனிக்கிழமை கிளம்பினேன். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. சென்னை வரை கிழக்கே போய், வண்டி மாறி, அங்கிருந்து வடக்கே ஏற வேண்டும். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில், ஃபைல் கையில், படம் எடுக்க போன். மூன்றையும் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நுழைந்தபோது யாரோ விசில் அடித்தார்கள். யாரோ கதவைச் சாத்தினார்கள். சின்ன ஊர், புது முகத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அறிவு.

வீட்டில் மாமியார் மட்டும்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும்; கட்டை குட்டையான, கண்ணில் சூட்டிகை தெரிகிற பெண்மணி. எதற்கு வந்தேன் என்று நான் சொல்லவில்லை. எதைத் தேடி வந்தோம் என்று சொன்னால் அதை மட்டும் துடைத்து வைத்துக் காட்டுவார்கள் என்பது ஆடிட் பாடம். “உங்க மருமக எழுதிக் குடுத்திருந்தாங்களே, வீட்டைப் பார்க்க வந்திருக்கேன்” என்றேன்.

“பாருங்க மேடம், நல்லா பாருங்க. பாக்கறதுக்கு இன்னா கீது இங்க? ஒன்னியும் கெடையாது.”

உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு சாமி படம். சமையலறைத் தரையில் சதுரமாக ஓரிடம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. பதினாறு வருட அனுபவம் உள்ள என் கண் அதைப் பிடித்துவிட்டது: இங்கே ஒரு ஃப்ரிட்ஜ் இருந்திருக்கிறது, பாவம், விற்றுவிட்டார்கள். வண்டி உண்டா என்று கேட்டேன்.

“வண்டியா? காத்தால நாஷ்டாவுக்கே வழி இல்ல. ஒரு வேள கஞ்சி குடிச்சிக்கினு ஓட்றோம் மேடம். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். அதோடு நின்றேனா? மனசு கேட்காமல் தெருமுனைக் கடைக்குப் போய் அஞ்சு கிலோ அரிசியும் ஒரு கிலோ துவரம்பருப்பும் வாங்கி வந்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் வாங்கி உள்ளே வைத்தார். கடைக்காரரும் முகத்தில் ஒரு சுளிப்பில்லாமல் எடை போட்டார். அவருக்குப் பின்னால் கோணிப்பை போர்த்திய பெரிய சாமான் ஒன்று நின்றது. அதன் அடியில் ஒரு டயர் தெரிந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்தேன். தங்களுக்கே சோறு இல்லாத வீடு, நாய் தர இயலாது என்று ரயிலில் உட்கார்ந்து கண் கலங்க எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை மருமகள் போன் செய்தாள். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது.

“அக்கா, இன்னா எழுதிக்கிற நீ? எங்க ஊட்ல சோறு இல்லியா? நானும் எங்க ஊட்டுக்காரரும் ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறோம். ஃப்ரிட்ஜ் பக்கத்து ஊட்ல இருந்துச்சு. வண்டி கடைல இருந்துச்சு. கட்டில் எதிர் ஊட்ல இருந்துச்சு!”

விஷயம் இதுதான். கொஞ்ச நாளுக்கு முன் ஏதோ உதவித்தொகைக்குக் கணக்கெடுக்க வந்தார்கள். வாசலில் ஸ்கூட்டர் நின்ற ஒரே காரணத்துக்காகப் பக்கத்து வீட்டம்மாவின் பெயரை அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஓர் ஏற்பாடு. கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக யார் நுழைந்தாலும் விசில். ஐந்து நிமிடத்தில் தெருவே ஏழையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நாய் விஷயமாக ஓர் அக்கா வருவாள் என்று மாமியாருக்குத் தெரியும். சனிக்கிழமை வருகிறவள் சர்க்கார் ஆள்தானே?

“சொன்னது ஞாயித்துக்கெழம, வந்தது சனிக்கெழம. யார் மேல தப்பு, நீயே சொல்லு” என்றாள்.

நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வருகிறேன், நாயையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், நிஜமாகவே ஞாயிறுதான் என்று சத்தியம் செய்தேன். மாசக் கடைசிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியைப் பேசி அவளை ஏற்றிக்கொண்டு போனேன். வாசலிலேயே மூன்று பைக் வரிசையாக நின்றன. உள்ளே இரண்டு டிவி, இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தன, வேறு வேறு சேனல். கட்டில் மேல் கட்டில் போடாத குறை. கூடத்தில் இரண்டு ஃப்ரிட்ஜ் ஜோடியாக நின்றன, மாலை மாற்றாததுதான் பாக்கி. மாமியார் பட்டுப்புடவையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, “நீ குடுத்த அரிசி கொழஞ்சி பூடுது மேடம்” என்றார்.

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். நாய் நேராக இரண்டாவது ஃப்ரிட்ஜ் முன்னால் போய் உட்கார்ந்து தவம் இருக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். “யக்கா, முடிஞ்சிதா? பழவேற்காட்டு எறா உள்ள கீது. கெட்டுப்பூடும்.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. இந்த இரவல் சாமான் எதையும் நான் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரே நின்றார்.

“அன்னிக்கி இல்லன்னு காட்னேன், வேணாம்னு எழுதிட்ட. இன்னிக்கி கீதுன்னு காட்றேன், அப்பவும் மொறைக்கிற. ஒரே பேஜாரா கீது. உனுக்கு இன்னாதான் மேடம் பாக்கணும்?”

ஃபைலில் இருந்த ஹோம் விசிட் படிவத்தைப் பார்த்து, “நாய் எங்கே படுக்கும்?” என்று கேட்டேன்.

“தோ, இங்க. என் பாய் பக்கத்துல. இவங்க ரெண்டு பேரும் ஷிஃப்டுக்குப் பூட்டா இந்த ஊட்ல நான் ஒத்த ஆளு. டிவி பேசும். ஆனா நான் பேசுனா அது கேக்காது.” சொல்லிவிட்டு, கோபம் தீராமல் இரண்டு டிவியையும் பட் பட்டென்று அணைத்தார்.

நான் எழுந்து போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கேட்டுக்கு அடியில் நாய் நுழைகிற அளவு சந்து இருந்தது. அதில் ஏற்கெனவே செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். தண்ணீர்ச் சட்டி நிழலில் இருந்தது. சங்கிலி எங்கும் இல்லை. திரும்பி வந்தபோது மாமியார் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, நாயின் எலும்பு கூடிய காலைத் தடவிக்கொண்டே, “லாரி வந்தா ஒதுங்கத் தெரியாதாடி உனுக்கு? கண்ணு எங்க வச்சிக்கினு இருந்த?” என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். மூதேவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது. படிவத்தை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே குறை, அது என் வீடு இல்லை என்பதுதான். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது குட்டியானையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பெரியபாளையம் வரைக்கும் அழுதேன். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவளைத் தேற்றுவதுபோல் அவர், “நல்ல எடந்தான் மேடம், கவலப்படாதீங்க” என்றார். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று, சத்தமே இல்லையே, நிம்மதி என்றார். அவரை நான் என்னென்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

நாயைக் கொடுத்த மூன்றாவது வாரம் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் விதி. சொன்ன நாளிலேயே, ஃபைல் இல்லாமல் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. என் மேல் ஏறி, புடவையைக் கிழித்து, சந்தோஷத்தில் செருப்பு மேலேயே மூத்திரம் போனாள். நன்றாக உடம்பு பிடித்திருந்தது. மாமியார் டீ கொடுத்தார். மூன்று பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் பேசினோம், ஒருத்தி என் மடியில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது என் பின்னாலேயே ஓடி வருவாள், பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும், அதைப் பார்க்கச் சகிக்காது என்று வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்திருந்தேன்.

அவள் கேட் வரை வந்தாள். கேட் விரியத் திறந்துதான் கிடந்தது. நான் வெளியே இறங்கிப் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தேன். வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். அதன் பிறகு நான் செய்தது எந்த விதியிலும் சேராது, என் கணவருக்குக்கூட இன்றுவரை தெரியாது. வீட்டுக்குள் இருக்கிற அம்மாவுக்குக் கேட்காதபடி, மெல்லிய குரலில், “வாடி, போலாம்” என்று கூப்பிட்டேன்.

அவளுக்குக் கேட்டது. காதைத் தூக்கி என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள், நன்றாகவே ஆட்டினாள். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நான் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்று, யாரையோ வழியனுப்பி வைப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.