ஈஷ்பல் வழி விடமாட்டாள்

மேற்குக் கரைச் சாலையில் ஈஷ்பல், விடுமுறைக்கு வருபவர்கள் எடுத்து ஓட்டும் எந்த வாடகைக் காருக்கும் வழி விடமாட்டாள். தீவு முழுக்கத் தெரிந்த விஷயம் இது. சாலை ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். இருநூறு கஜத்துக்கு ஒரு ஒதுங்குமிடம். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போய் ஒதுங்குவார். மற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்து போவார். இத்தனைக்கும் ஐம்பத்தெட்டு வயதுவரை ஈஷ்பலைப் போல மரியாதையாக வண்டி ஓட்டியவர் ஸ்காட்லாந்தின் தீவுகளிலேயே கிடையாது என்று சொல்வார்கள்.

இப்போது அப்படியில்லை. சேறு படாமல் பளபளவென்று ஒரு கார் எதிரே வந்தால் டிராக்டரை நடுச்சாலையில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாள். ஒதுங்குமிடம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தாலும் சரி, விடுமுறைக்கு வந்தவர்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். தபால் வண்டி ஓட்டும் மர்டோ ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

"இப்படிப் பண்ணா ஊருக்கு ஒருத்தனும் வரமாட்டான், ஈஷ்பல்."

"வரட்டுமே, யார் வேணாம்னா? வந்த வழியே பின்னாலயே போகட்டும்."

காரணம் மர்டோவுக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் செப்டம்பரில், காலைக் கஞ்சியின் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ரூரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆம்புலன்ஸ் அவனையும் ஈஷ்பலையும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. பாதி வழியில் எதிரே மாட்டுத்தீவன லாரி. மலைச்சரிவில் பாரத்தோடு அதனால் பின்னால் போக முடியாது. செங்குத்தான வளைவுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் பின்வாங்கி ஒதுங்கக்கூடிய ஒரே இடத்தில் யாரோ வாடகைக் காரைப் பூட்டி நிறுத்திவிட்டு, நீர்நாயைப் படம் பிடிக்கக் கரைப் பாறைகளுக்குப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸ் அலறியது. பதினோரு நிமிடம் கழித்து, கன்னத்தில் பெரிய மச்சம் உள்ள ஒரு மனிதர் நிதானமாக ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி பிளாஸ்க்கோடு வந்தாள். அவர் காரை எடுத்தார். போகும்போது, தீவுப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டவராயிற்றே, ஒரு விரலைத் தூக்கி நன்றி வேறு காட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் ரூரியைப் போர்வையால் மூடித்தான் இறக்கினார்கள்.

அந்த விரலை ஒடிக்க வேண்டும் என்று ஈஷ்பலின் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆள் யாரைச் சாகடித்தோம் என்று தெரியாமலே எங்கோ நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறான் என்ற நினைப்புதான் அவளைத் தின்றது. அவனுக்குத் தெரிய வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியதில்லை.

இந்த மே மாதம் ஒரு மத்தியானம் மர்டோ போன் செய்தான். "வாடகைக் கார் ஒண்ணு பள்ளத்துல கிடக்கு. உன் ஆட்டுக்கு ஒதுங்கப்போய்தான் விழுந்தாராம். நாலு மணிக் கப்பலைப் பிடிக்கணும்னு துடிக்கிறார்."

மேற்குக் கரையில் இழுத்துவிட அவள் டிராக்டர் ஒன்றுதான். திட்டிக்கொண்டே போனாள். கார் துறைமுகத்தைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற மனிதர் திரும்பினார். கன்னத்தில் மச்சம்.

அவள் கையிலிருந்த சங்கிலி நழுவியது. குனிந்து எடுத்துக் கொக்கியை மாட்டினாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் அவர். "ஹூப்பர்னு பேரு. மூணு வருஷம் முன்னாடியும் வந்தோம். அப்பதான் நீர்நாயைப் பாத்தோம், இல்ல லினெட்? ஒரு ஆம்புலன்ஸ்காரன் வந்து கத்து கத்துன்னு கத்தி அதை விரட்டிட்டான்."

அவர் மனைவி லினெட் சிரித்தாள். ஈஷ்பல் காரை இழுத்துச் சாலையில் நிறுத்தினாள். சங்கிலியைக் கழற்றினாள். துறைமுகப் பக்கம் வழியை மறித்து நின்ற டிராக்டரை நகர்த்தவில்லை.

"என் பின்னால ஒதுங்க இடமில்ல. நீங்க ரிவர்ஸ் எடுங்க."

ஹூப்பருக்கு ரிவர்ஸ் சரியாக வராது. கழுத்தைத் திருகிக்கொண்டு வளைந்து வளைந்து போய் முதல் ஒதுங்குமிடத்தில் நுழைந்தார். அவள் கடந்து போகாமல் அவர் மூக்குக்கு முன்னால் நின்று, இன்னும் போ என்று கை காட்டினாள். இரண்டாவதிலும் அப்படியே. ஆறாவதில் அவர் சட்டை நனைந்துவிட்டது.

"என்னம்மா பண்றீங்க? கப்பல் போயிடும்."

"போகட்டும். பின்னால பாத்து ஓட்டுங்க."

ஒரு மைல் அப்படித் தள்ளிக்கொண்டு போனாள். சொன்னால் வெட்கம்தான், மூன்று வருஷத்தில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமான ஒரு மைல் வாய்த்ததில்லை. கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இன்ஜினை நிறுத்தினாள்.

"இறங்குங்க, ரெண்டு பேரும்."

ரூரியின் கல்லுக்கு முன்னால் நிறுத்தினாள். "அந்தத் தேதியைப் படிங்க. நீங்க நீர்நாய் பாத்த நாள்தானே? அந்த ஆம்புலன்ஸுக்குள்ள இருந்தவர் இவர். பக்கத்துல நான் இருந்தேன்."

ஹூப்பர் குனிந்து தேதியைப் படித்தார். "எங்களுக்கு எப்படிங்க தெரியும்? வெறும் அஞ்சு நிமிஷம்தான்..."

"பதினொண்ணு."

லினெட் கல்லைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதியதை மூவருமே கேட்டார்கள், யாரும் திரும்பவில்லை.

"நாங்க உடனே காரை எடுத்திருந்தா," என்று லினெட் மெதுவாகக் கேட்டாள், "அவர் பிழைச்சிருப்பாரா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்றே ஈஷ்பலின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: உங்கள் வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது, சாலையில் யார் நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும் ஒன்றுதான். இதை அவள் மர்டோவிடம்கூடச் சொன்னதில்லை.

ஈஷ்பல் அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தாள்.

"பிழைச்சிருப்பார்," என்றாள். "இன்னிக்கு வீட்ல உக்காந்திருப்பார்."

லினெட் அங்கேயே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஹூப்பர் அவள் தோளைத் தொட, அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஈஷ்பல் வெளியே வந்து டிராக்டரைக் கிளப்பி, ஒதுங்குமிடத்தில் நிறுத்தி அவர்களுக்கு வழி விட்டாள். அவர்கள் வர அரைமணி ஆயிற்று. அந்தப் பொய்க்காக அவள் அன்றைக்கு வருத்தப்படவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.