சாவி அக்காவிடம்

உள்ளறையில் சங்கிலி சலசலத்தது. தொடர்ந்து தடாலென்று நாற்காலி விழும் சத்தம்.

“உள்ளே யானை கட்டி வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டபடி வந்து உட்கார்ந்தார் நாடக வாத்தியார்.

“யானைன்னா சொன்ன பேச்சு கேக்கும் சார். அது என் புருஷனும் தம்பியும்” என்றாள் டெய்லரக்கா, மிஷினை நிறுத்தாமலே.

தெருவுக்கே அவள் டெய்லரக்கா. அப்பா போனபின் அந்த மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கினாள். கல்யாணமானபோது அவனையும் கூடவே கூட்டி வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, “ஓசிச் சோறு தின்கிறவன்” என்று கணவர் கோபத்தில் ஒருநாள் வாயை விடும்வரை. அன்று வெளியேறிய தம்பி, இரண்டு வருடமாக அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இருவரும் வேலை பார்க்கும் மில்லின் நாடகக் குழுவோ, இருவரையும் ஒரே சங்கிலியில் பிணைத்துத் தப்பியோடும் கைதிகளாக்கியது. முடிவில் காவலர்கள் சூழ்ந்துவிட, பெரியவன் கடைசி ரொட்டியைப் பிட்டுச் சின்னவனுக்கு ஊட்ட வேண்டும். அந்த இடம் வந்தாலே இரண்டு முகமும் கல்லாகிவிடும்.

“நாளைக்கு மேடைம்மா. முடிவு சரியா வரலைன்னா ஆளை மாத்திடுவேன்.”

“கொஞ்சம் இருங்க சார், வரும்.”

கைதி உடைக்கு அளவு பார்க்கிறேன் என்று இருவரையும் வரவழைத்து, நாடகச் சங்கிலியில் பூட்டியவளே அவள்தான். சாவி அவள் இடுப்பில் பத்திரமாக இருந்தது. இரண்டு தட்டில் சோறு போட்டுக் கூப்பிட்டாள்.

கணவரின் வலக்கையும் தம்பியின் இடக்கையும் ஒரே சங்கிலியில். கணவர் கவளத்தைத் தூக்க, தம்பியின் கையும் கூடவே எழுந்தது. அவன் தட்டைத் தொடவே இல்லை.

“மெதுவா மாமா! என் கையையும் சேத்து முழுங்கிடப் போறீங்க.”

நாடக வசனம் தவிர்த்து, இரண்டு வருடத்தில் அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு. கணவரின் கை அந்தரத்தில் நின்றது. கண்கள் குளமாயின.

“அன்னிக்கு அதைச் சொன்ன இந்த நாக்கு அழுகிப்போகணும்டா.” கவளம் தம்பியின் வாயை நோக்கித் திரும்பியது.

“இதுவும் ஓசிதானா மாமா?”

“உன் வீட்டுச் சோறுடா. வாயைத் திற!”

தம்பி அழுதுகொண்டே வாயைத் திறந்தான்.

வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். “நாளைக்கு இதையே பண்ணுங்கப்பா! சரி, சங்கிலியைக் கழட்டிக் குடும்மா, நாடகச் சாமான்.”

“நாளைக்கு ரெண்டு பேரோட சேத்தே கொண்டாந்து விடறேன். நீங்க கிளம்புங்க சார்.”

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். டெய்லரக்கா கதவைச் சாத்தித் தாழிட்டாள்.