ராகு காலம் பார்த்தோம், பட்டம் பார்க்கவில்லை

எனக்குக் கோபம் வந்தால் அடங்க நாளாகும். இந்தக் கோபம் வந்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் அடங்கவில்லை. என் பெண்ணின் முன்பல் ஒன்று நிற்குமா விழுமா என்று இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. தியாகராய நகரில் அந்தப் பல் கிளினிக் இருக்கும் தெரு வழியாக நான் வண்டியைக்கூட ஓட்டுவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பாதிக் கோபம் என் மேலேயே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதியைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

எனக்கு வேலை தேனாம்பேட்டையில், ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில். யாராவது வீடு வாங்கக் கடன் கேட்டு வந்தால் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. விற்பவருக்கு அந்த இடம் எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று முப்பது வருடம் பின்னால் போய்க் குடைவேன். மூலப்பத்திரம் இல்லையென்றால் சொந்த மாமனாரே வந்து நின்றாலும் கையெழுத்துப் போட மாட்டேன். ஒருமுறை வந்து நின்றார், போடவில்லை. இப்பேர்ப்பட்டவன்தான், பெற்ற பெண்ணின் வாயை ஒருவரிடம் ஒப்படைத்தபோது "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் தூக்கலாக இருந்தன. கம்பி போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. யாரிடம் போவது என்ற பேச்சு வந்ததும், அசோக் நகரில் இருக்கும் என் மனைவியின் அக்கா அந்த டாக்டரைச் சொன்னார். அக்காவின் சொத்தைப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தவர்.

"ரொம்ப கைராசிக்காரர். அவர் கை வச்சா வலின்றதே கிடையாது. கண்ண மூடிட்டுப் போங்க."

அப்படியே போனோம். கைராசி என்று யாராவது சொல்லிவிட்டால் நம் வீடுகளில் அதற்குமேல் விசாரணை கிடையாது. முதல் போணிக்கும் கைராசி, கண் ஆபரேஷனுக்கும் அதே கைராசி. சொத்தைப் பல்லைச் சரிசெய்வது ஒரு வேலை, வளரும் குழந்தையின் பற்களை எலும்புக்குள் நகர்த்துவது வேறு வேலை, அதற்கென்று பல் மருத்துவப் படிப்பு முடித்த பிறகு தனியாக மூன்று வருடம் படிக்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் மெனக்கெடவும் இல்லை.

எதற்கு மெனக்கெட்டோம்? நாள் பார்ப்பதற்கு. ஆடியில் வேண்டாம் என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. டாக்டர் கொடுத்த நேரம் பதினொரு மணி. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். என் மனைவி தயங்கித் தயங்கிப் போனில் சொன்னாள். "தாராளமா பன்னெண்டுக்கு மேல வாங்கம்மா, எனக்கும் அதுல நம்பிக்கை உண்டு" என்றார் டாக்டர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

டிராஃபிக்குக்குப் பயந்து சீக்கிரமே போய், பன்னிரண்டு அடிக்கும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் டாக்டரின் பெயர்ப்பலகை. பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் ஒன்றரை வரிக்கு ஓடின. நிறையப் படித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்திருந்தால், பி.டி.எஸ். ஒன்றுதான் பட்டம், மீதியெல்லாம் மூன்று நாள் நான்கு நாள் பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழ்களும் சங்க உறுப்பினர் அடையாளங்களும் என்று தெரிந்திருக்கும். அந்த மூன்று வருட மேற்படிப்பைக் காட்டும் எம்.டி.எஸ். என்ற மூன்று எழுத்து அந்த ஒன்றரை வரியில் எங்குமே இல்லை. அவர் பொய் எழுதவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ராகு காலம் போகட்டும் என்று நாங்கள் காத்திருந்த நேரம் முழுக்க உண்மை என் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே போனதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்கு சார் குழந்தைக்கு ரேடியேஷன்? பார்த்தாலே தெரியுதே. பத்தே மாசம், பாப்பா சிரிச்சா ஊரே பார்க்கும்" என்றார். எவ்வளவு அக்கறை என்று எனக்குப் புல்லரித்தது. புல்லரித்த கையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன்பிறகு அவரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மாதம் ஒருமுறை கம்பியை இறுக்கப் போவோம், ஒவ்வொரு முறையும் ஒரு புது இளம் டாக்டர். போன மாதம் என்ன செய்தார்கள் என்று அவர் எங்களிடமே கேட்பார். வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் ஒருநாள் பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று விசாரித்தேன்.

"அவரு அடையாறு பிராஞ்சுல கீறாரு சார். நாலு எடம் வச்சிக்கினு ஒத்த மன்ஷன் இன்னா சார் பண்ணுவாரு?" என்றார் அவர், டாக்டருக்காகப் பரிதாபப்பட்டு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கே பெண்ணைக் கூட்டிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும்.

இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் பிடித்து நிறுத்திச் சொல்கிறேன். பற்சீரமைப்பில் எம்.டி.எஸ். இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். கம்பி போடுவதற்கு முன் எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுப்பீர்களா, மாதாமாதம் பார்க்கப் போவது நீங்களா வேறு ஆளா, கம்பியைக் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்கே போகாமலிருக்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கத்தரிக்காயை முறித்துப் பார்த்து வாங்குகிற நமக்கு டாக்டரிடம் மட்டும் என்ன கூச்சமோ.

பத்து மாதம் என்றது ஒன்றரை வருடமாயிற்று. ஒருநாள் காலை தோசையைக் கடித்தவள், "அப்பா, முன்பல் ஆடுது" என்றாள். கிளினிக்குக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் "ஆடினாதான் சார் நகரும்" என்று வைத்துவிட்டாள். ஆட்டம் அதிகமாகவே, பெரிய டாக்டரைப் பார்த்தே தீருவேன் என்று போய் உட்கார்ந்தேன். அவர் வந்து விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"பாப்பா நாக்கால தள்ளுது சார். அந்தப் பழக்கம் இருந்தா நாங்க என்ன பண்ணாலும் நிக்காது. வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

கண்டித்தேன். அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. சாப்பிடும்போது, படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, "நாக்கை உள்ள வை" என்று நாளைக்குப் பத்து முறை. "நான் தள்ளலப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். "டாக்டர் பொய் சொல்றாரா, நீ சொல்றியா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் மறுத்துப் பேசவில்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து மயிலாப்பூரில் கோயிலுக்குப் போயிருந்தோம். கம்பியின் முனை அவள் கன்னத்துக்குள் குத்தி ரத்தம் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன கிளினிக் திறந்திருந்தது. பலகையில் பெயர், இரண்டு பட்டம், பற்சீரமைப்பு என்று ஒரு சொல், பதிவு எண், அவ்வளவுதான். உள்ளே நடுவயதில் ஒரு பெண் டாக்டர். நீட்டிக்கொண்டிருந்த கம்பியை வெட்டிவிட்டு, முன்பல்லில் விரலை வைத்து லேசாக அசைத்துப் பார்த்தார்.

"ஆரம்பத்துல எடுத்த எக்ஸ்ரே இருக்கா?"

"எடுக்கல."

"பல் அச்சு?"

"அதுவும் எடுக்கல."

"நடுவுல ஏதாவது படம்?"

பத்திரம் இல்லாமல் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து விழிப்பவர்களைப் போல நான் விழித்தேன். அவர் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். பக்கத்துப் பற்களுக்கெல்லாம் நீளமாக இருந்த வேர், அந்த ஒரு பல்லுக்குப் பாதிதான் இருந்தது.

"வேர் கரைஞ்சிருக்கு. யார்கிட்ட கம்பி போட்டாலும் சில பேருக்கு இப்படி வரலாம். ஆனா நடுவுல ஒரு படம் எடுத்திருந்தா அப்பவே நிறுத்தியிருக்கலாம். இழுக்கறத இன்னிக்கே நிறுத்திடறேன். சில மாசம் ஓய்வு கொடுத்துப் பார்ப்போம். நிக்கும்னு என்னால வாக்கு கொடுக்க முடியாது."

அந்தத் தி. நகர் ஆளை எந்த வார்த்தையில் ஆரம்பித்துக் கேட்கலாம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே, "நாக்கால தள்றான்னு சொன்னாங்க டாக்டர், நாங்களும் கண்டிச்சுப் பார்த்துட்டோம்" என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது பெண்ணின் மேல் புகார்தான்.

டாக்டர் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். எச்சிலை விழுங்கச் சொன்னார். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லி, உதட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாக்கு சரியாத்தான் இருக்கு. இவ ஒண்ணுமே பண்ணல."

நாற்காலியிலிருந்து எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டவள், டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்போ ஸ்கூல்ல இனிமே நான் பேசலாமாப்பா?"

பேசினால் நாக்கு பல்லில் பட்டுவிடும் என்று நான்கு மாதமாக அவள் வகுப்பில் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறாள். எனக்கு அது அந்த நிமிடம்தான் தெரிந்தது. "தாராளமா பேசும்மா" என்று அவளிடம் சொன்னது டாக்டர்தான். நான் அவள் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.